நிற்கும்போது கொதிக்கும் எஞ்சின்: டெட்ராய்ட் மசில் கார்களின் குளிர்விப்பு வரலாறு

அமெரிக்க மசில் கார்களைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை குதிரைத்திறனையும், கால் மைல் தூரத்தை எத்தனை நொடியில் கடந்தன என்பதையுமே அளவுகோலாகக் கொண்டு அந்தக் கார்களின் வரலாற்றைச் சொல்கின்றன. அதே கார்கள் போக்குவரத்து நெரிசலில் சிறிது நேரம் நிற்க நேர்ந்தால் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும் என்பதும், அதைச் சரிசெய்யும் முயற்சியில் ஒரு பட்டறைத் தொழிலே அரை நூற்றாண்டாக ஈடுபட்டு வருகிறது என்பதும் அவற்றில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் நிலையைப் பட்டறைகளில் ஐடிலிங் என்பர். அந்நிலையில் வரும் கொதிப்புக்குத் தொடக்கம் முதலே ரேடியேட்டர்தான் குற்றவாளியாக்கப்பட்டது. ஆனால் வேகத்துக்காக வடிவமைக்கப்பட்ட எந்திரம், புகையைக் கட்டுப்படுத்த வந்த சட்டம், விற்பனைப் பிரிவின் சிக்கனம், பிற்கால உரிமையாளர்களின் அலங்கார ஆசை ஆகியவற்றை வரிசையாகப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் தண்ணீரில் இல்லை, காற்றோட்டத்திலும் தீப்பொறி விழும் நேரத்திலுமே இருந்தது என்பது தெரியவரும்.

மசில் கார் என்பது, விலை அதிகமில்லாத நடுத்தர அளவுக் காரின் உடலில், பெரிய கார்களுக்கென உருவாக்கப்பட்ட வி8 எஞ்சினை, அதாவது நான்கு நான்காக இரு சாய்ந்த வரிசைகளில் எட்டு சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினைப் பொருத்தி விற்ற வகையாகும். 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகிவிட, பந்தயப் புகழையே விற்பனைக்கு நம்பியிருந்த பான்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் அவருடைய சகப் பொறியாளர்களும் டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரில் 389 கன அங்குல (6.4 லிட்டர்) எஞ்சினை ஏற்றிப் பார்த்தனர். அந்த அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாதென்று நிறுவனத்தில் விதி இருந்ததால், அதைத் தனி மாடலாக அறிவிக்காமல், கூடுதல் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் ஒரு தொகுப்பாக 1964இல் ஜிடிஓ என்ற பெயரில் வெளியிட்டனர். அவ்வாண்டு மாடலில் 32,450 கார்கள் விற்றன. போட்டியாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1966இல் பிளிமத், டாட்ஜ் கார்களில் 426 கன அங்குல ஹெமி எஞ்சினும், 1968இல் மஸ்டாங்கில் 428 கோப்ரா ஜெட் எஞ்சினும், 1970இல் ஷெவெல் காரில் 454 கன அங்குல எஞ்சினும் வந்தன. எஞ்சின் இவ்வாறு வளர்ந்தபோதும் அதை ஏந்திய உடலின் முன்பகுதி அதே அளவுக்கு அகலமாகவில்லை. 1969ஆம் ஆண்டின் பாஸ் 429 மஸ்டாங்கில் எஞ்சின் அறை முழுவதும் நிறைந்துபோனதால் பேட்டரியைப் பின்பக்கச் சாமான் அறைக்கு மாற்ற வேண்டியிருந்தது என்பதிலிருந்து, ரேடியேட்டருக்கும் காற்றுக்கும் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

நிற்கும் வண்டியின் சூடு மசில் கார்களோடு பிறந்ததன்று. 1886ஆம் ஆண்டின் பென்ஸ் மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகியே எஞ்சினைக் குளிர்வித்ததால், ஓட்டுபவர் அவ்வப்போது நீர் நிரப்ப வேண்டியிருந்தது. வில்ஹெல்ம் மேபாக் 1900இல் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் 8,070 சிறு குழாய்களை அடுக்கிய தேனடை ரேடியேட்டர் வந்தது. வண்டி மெதுவாகச் செல்லும்போது காற்று போதாதென்று அதன் பின்னால் ஒரு விசிறியையும் அவர் வைத்தார். பிற்காலத்தில் பலரும் மறந்துவிட்ட உண்மையை அந்த முதல் வடிவமைப்பாளர் தெளிவாகவே அறிந்திருந்தார். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில், தொடக்கத்தில் தயாரான சில ஆயிரம் வண்டிகளுக்குப் பின் நீர் பம்ப்பே நீக்கப்பட்டது. சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியை மட்டும் நம்பி அது இயங்கியது. அடுத்து வந்த முக்கிய மாற்றம், உள்ளழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் ரேடியேட்டர் மூடியாகும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் மூடி பிடித்துக்கொள்ளும்போது வெறும் நீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 121 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். சரிபாதி எத்திலீன் கிளைகால் கலந்தால் அந்த வரம்பு 129 டிகிரி வரை உயரும். இந்த மூடி கொதிப்பைத் தள்ளிப்போட்டதே தவிர, எஞ்சினில் பிறக்கும் வெப்பத்தைக் குறைக்கவில்லை.

ஐடிலிங்கில் எஞ்சின் எரிக்கும் பெட்ரோல் மிகக் குறைவு, ஆகவே ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் நெடுஞ்சாலை ஓட்டத்தோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான் என்பதைக் கவனித்தால் இந்தக் கோளாறு விந்தையாகவே தோன்றும். நெடுஞ்சாலையில் பன்மடங்கு வெப்பத்தை வெளியேற்றிவிட்டுக் குளிர்ச்சியாக ஓடும் ரேடியேட்டர், நிறுத்தத்தில் சிறு வெப்பத்தைக் கையாள முடியாமல் திணறுவது எதனால்? வண்டி ஓடும்போது முகப்பில் மோதும் காற்றே வேலையைச் செய்துவிடுகிறது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டினால் விசிறி ஏறக்குறைய தேவையற்ற பொருளாகிவிடுகிறது. வண்டி நின்றதும் முழுப் பொறுப்பும் விசிறியின் மேல் விழுகிறது. ஆனால் அக்கால அமெரிக்க எஞ்சின்களில் விசிறியும் நீர் பம்ப்பும் ஒரே தண்டில் அமைந்து, எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து வரும் பெல்ட்டால் சுழன்றதால், அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் இரண்டும் மிக மெதுவாகச் சுழன்றன.

விசிறியைப் பெரிதாக்கினால் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் விசிறி தள்ளும் காற்றின் அளவு சுழற்சி வேகத்துக்கு நேர்விகிதத்தில் உயரும்போது, அதைச் சுழற்றத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. நிமிடத்துக்கு 600 சுற்றில் போதுமான காற்றை இழுக்கும் விசிறி 6,000 சுற்றுக்குப் போனால் ஆற்றல் தேவை ஆயிரம் மடங்காகும். கால் மைலில் ஒவ்வொரு குதிரைத்திறனையும் எண்ணிப் பார்த்த பொறியாளர் அதைக் கொடுக்க மனமின்றி விசிறியைச் சிறிதாக வைத்ததில் வியப்பில்லை. இந்த முரணுக்கு விடையாக வந்தது ஃபேன் கிளட்ச் என்னும் கருவி. விசிறிக்கும் தண்டுக்கும் இடையே பசைபோன்ற சிலிகோன் திரவம் நிரம்பிய அறையும், ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூட்டை உணரும் ஈருலோகச் சுருளும் அதில் உண்டு, காற்று சூடானால் சுருள் விரிந்து திரவத்தை உள்ளே விட, விசிறி தண்டோடு இறுகிச் சுழலும், குளிர்ந்தால் நழுவிவிடும். இதனால் ஏழு இதழ் கொண்ட பெரிய விசிறியை, நெடுஞ்சாலையில் ஆற்றலைத் தின்னாதபடி வைத்துக்கொள்ள முடிந்தது. திரவம் கசிந்துபோன பழைய கிளட்ச் எந்நேரமும் நழுவிக்கொண்டேயிருக்கும் என்பதும், பார்வைக்கு நன்றாகத் தெரிவதால் அதைப் பலர் சந்தேகிப்பதில்லை என்பதும் இதன் மறுபக்கம்.

விசிறியைவிட எளிமையானதும் அதைவிட அதிகம் புறக்கணிக்கப்பட்டதும் ஷ்ரௌட் எனப்படும் உறையாகும். ரேடியேட்டரின் பின்புறம் முழுவதையும் மூடி, விசிறியின் விளிம்பை வளையமாகச் சூழ்ந்து நிற்கும் இந்தத் தகடு அல்லது பிளாஸ்டிக் கூடு இல்லையெனில், விசிறி தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்தின் வழியாக மட்டுமே காற்றை இழுக்கும். மூலைகள் வெறும் உலோகமாக நிற்கும். விசிறியின் நுனியில் சூடான காற்றே முன்னும் பின்னும் சுழன்றுகொண்டிருக்கும். இதழ்களின் அகலத்தில் ஏறத்தாழ பாதி உறைக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் நிலைத்த விதி. ஏர் கண்டிஷனர் கேட்டு வாங்கியவர்களுக்குத் தொழிற்சாலை இந்த உறையையும், தடித்த ரேடியேட்டரையும், கிளட்ச் விசிறியையும், பம்ப்பை விரைவாகச் சுழற்றும் சிறிய கப்பியையும் சேர்த்தே கொடுத்தது. அது இல்லாத பல கார்கள் உறையின்றியே விற்கப்பட்டன. வேகத்தை விரும்பிய இளைஞர்கள் எடையையும் செலவையும் எண்ணி ஏர் கண்டிஷனரைத் தவிர்த்ததால், மிகச் சூடான எஞ்சின்களுக்கு மிக மெலிந்த குளிர்விப்பு வாய்த்தது. இதைத் தொழிற்சாலைகளின் அறியாமை என்று சொல்ல இடமில்லை: ஜெனரல் மோட்டார்ஸ் 1953 முதல் அரிசோனா பாலைவனத்தில் மேசா நகரருகே தனிச் சோதனைக் களம் நடத்திவந்தது. விலைப்பட்டியலில் சில டாலர்களைக் குறைப்பதற்காகத் தெரிந்தே எடுத்த முடிவு என்றுதான் அதைக் கருத வேண்டும்.

கார்களின் உண்மையான வாழ்க்கை பாலைவனத்தில் நடக்கவில்லை. டெட்ராய்ட் நகர மையத்தில் தொடங்கி வடமேற்கே பான்டியாக் ஊர் வரை செல்லும் உட்வர்ட் அவென்யூவில், 1960களின் கோடை இரவுகளில் கார்கள் ஒரு சிவப்பு விளக்கிலிருந்து அடுத்த விளக்குவரை சீறிப் பாய்வதும், பின் அமர்ந்தபடியே உணவு வாங்கித் தின்னும் டிரைவ்-இன் கடைகளைச் சுற்றி ஊர்வதும் வழக்கமாக இருந்தன. எஞ்சினின் இரும்பில் முழு வெப்பத்தையும் ஏற்றிவிட்டு உடனே காற்றை நிறுத்துவதைவிடக் கொடிய சோதனை குளிர்விப்புக்கு இல்லை. தானியங்கி கியர் கொண்ட கார்களில் இன்னொரு சுமையும் சேர்ந்தது: கியரில் போட்டபடி பிரேக்கை மிதித்து நிற்கும்போது டார்க் கன்வெர்ட்டர் என்னும் திரவ இணைப்பு நழுவிச் சூடாகி, அந்தச் சூட்டை ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கும் எண்ணெய்க் குழாய் வழியாக நீரிலேயே கொட்டியது.

இந்நிலையில் வந்து சேர்ந்ததுதான் புகைக் கட்டுப்பாடு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கண்ணெரிச்சல் மூட்டம், எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதால் உண்டாவது என்பதைக் கால்டெக் நிறுவனத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950களில் நிறுவினார். அதன் விளைவாகக் கலிஃபோர்னியாவில் 1966 மாடல் கார்களிலிருந்தும், நாடு முழுவதும் 1968 மாடல்களிலிருந்தும் வெளியேற்று வாயுவுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. எஞ்சினை முற்றாக மாற்றாமல் இவ்வரம்பை எட்ட நிறுவனங்கள் கைக்கொண்ட மலிவான வழி, ஐடிலிங்கில் தீப்பொறியைத் தாமதப்படுத்துவதாகும். சாதாரணமாக பிஸ்டன் உச்சநிலையை அடையும் முன்னரே பொறி விழ வேண்டும், ஏனெனில் கலவை எரிந்து அழுத்தம் உயர நேரம் தேவை. பெட்ரோல் குறைவாகக் கலந்த மெல்லிய கலவைக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். முந்தைய கார்களில், சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரோடு இணைந்த ஒரு சவ்வு, கலவை உள்ளே செல்லும் இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடத்தின் இழுப்பால் ஐடிலிங்கில் பொறியை முன்னுக்குக் கொண்டுவந்தது. இதற்கு வேக்குவம் அட்வான்ஸ் என்று பெயர். இப்போது அந்தக் குழாயைக் கார்புரேட்டரின் திராட்டில் தகட்டுக்கு மேலுள்ள துளைக்கு மாற்றிவிட்டதால், தகடு மூடியிருக்கும் ஐடிலிங்கில் சவ்வுக்கு இழுப்பே கிடைக்கவில்லை. கிறைஸ்லரின் சில எஞ்சின்களில் பிஸ்டன் உச்சநிலையைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகே பொறி விழுந்தது.

தாமதமாகப் பற்றிய கலவை, பிஸ்டன் கீழிறங்கி வெளியேற்று வால்வு திறக்கும் நேரத்திலும் எரிந்துகொண்டிருந்ததால், சூடான வாயு சிலிண்டர் ஹெட்டின் வெளியேற்றுப் பாதையில் எஞ்சிய ஹைட்ரோகார்பனை எரித்து முடித்தது. சட்டத்துக்கு அதுவே வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பாதையைச் சுற்றி ஓடும் நீர் அவ்வளவு வெப்பத்தையும் வாங்கிக்கொண்டது. மேலும், தாமதப்பொறியால் எஞ்சினின் வலிமை குறைந்துவிட, அதே சுழற்சி வேகத்தைக் காக்கத் திராட்டிலைச் சற்றுக் கூடுதலாகத் திறந்துவைக்க வேண்டியதாயிற்று. கூடுதல் கலவை, கூடுதல் வெப்பம். சாவியை அணைத்த பின்பும் எஞ்சின் தானே உதறிக்கொண்டு ஓடும் புதுத் தொல்லை இதனால் பெருக, அதை நிறுத்தக் கார்புரேட்டரில் ஒரு மின்காந்தத் தடுப்பானைச் சேர்த்தனர்.

இவ்வரலாற்றிலேயே மிகவும் சுவையான சாட்சியம் ஒரு சிறிய பித்தளை வால்வுதான். வெப்ப வெற்றிட வால்வு என்று அழைக்கத்தக்க இது நீர் செல்லும் பாதையில் திருகி வைக்கப்பட்டது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் அது சட்டத்துக்காகப் போடப்பட்ட குழாய் வழியை மூடிவிட்டு, மேனிஃபோல்டின் முழு வெற்றிடத்தையும் டிஸ்ட்ரிபியூட்டருக்குத் திருப்பிவிடும், பொறி முன்னேறும், எஞ்சின் சற்று வேகமாகச் சுழலும், அதனோடு விசிறியும் பம்ப்பும் விரையும், சூடு இறங்கும், வால்வு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். ஐடிலிங் கொதிப்பின் காரணத்தையும் மருந்தையும் தொழிற்சாலையே அறிந்திருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டியதில்லை. எனினும், 1970களில் பழைய கார்களை வாங்கியவர்கள் எஞ்சின் மேல் படர்ந்திருந்த ரப்பர் குழாய்களையெல்லாம் ஆற்றலைக் குறைக்கும் குப்பை என்று எண்ணிப் பிடுங்கி எறிந்தபோது, தாமதப்பொறியை அப்படியே விட்டுவிட்டு அதற்கு மாற்றாக இருந்த வால்வை மட்டும் அகற்றினார்கள். சவ்வின் குழாயை எந்தத் துளையில் மாட்டுவது என்ற வழக்கு ஆர்வலர்களிடையே இன்றளவும் ஓயவில்லை. நீண்ட நேரம் வால்வைத் திறந்துவைக்கும் பந்தயவகை கேம் ஷாஃப்ட் உள்ள எஞ்சினுக்கு ஐடிலிங்கிலும் முன்பொறி வேண்டும் என்ற தரப்பே வலுவானது. ஆனால் அத்தகைய எஞ்சினில் வெற்றிடம் பலவீனமாயிருப்பதால், குறைந்த இழுப்பிலேயே முழுதும் இயங்கும் சவ்வைத் தேர்ந்தெடுத்தால்தான் பொறி நிலைகொள்ளும்.

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும், உயர்ந்த காப்பீட்டுக் கட்டணமும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து மசில் கார்களின் உற்பத்திக்கு முடிவுகட்டின. அதன்பின் தொடங்கிய சேகரிப்பாளர் காலத்தில் கொதிப்பு குறையவில்லை, காரணங்கள் பெருகின. பளபளக்கும் குரோமிய அலங்காரக் கப்பிகளில் பல பம்ப்பின் வேகத்தைக் குறைத்தன. எஞ்சின் பழுதுபார்ப்பின்போது வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றிய ஷ்ரௌட் திரும்பப் பொருத்தப்படவில்லை. ரேடியேட்டருக்கும் பானெட்டுக்கும் இடையே இருந்த ரப்பர் பட்டைகள் புதிய வண்ணப்பூச்சுக்குப்பின் விடுபட்டுப் போனதால், எஞ்சின் அறையின் வெந்த காற்று மேல்வழியாக முன்னே வந்து மீண்டும் ரேடியேட்டருக்குள் நுழைந்தது. தேய்ந்த சிலிண்டர்களைப் பலமுறை குடைந்து அகலப்படுத்தியதில் சுவர் மெலிந்தது; பல்லாண்டுத் துருவும், வார்ப்பின்போது தங்கிய மணலும் நீர்ப்பாதையின் பின்மூலைகளில் படிந்து கிடந்தன.

எஞ்சினுக்கு எஞ்சின் மாறுபடும் நுட்பங்களை அறியாத கைகளும் தம் பங்கைச் செய்தன. 1970இல் வந்த ஷெவர்லேயின் 400 கன அங்குலச் சிறு வகை எஞ்சினில் சிலிண்டர்கள் இடைவெளியின்றி ஒட்டி வார்க்கப்பட்டதால், அங்கே உண்டாகும் நீராவி தப்பிச்செல்லச் சிறு துளைகள் இடப்பட்டிருந்தன; அதன்மேல் 350 எஞ்சினின் ஹெட்டை அந்தத் துளைகளைப் போடாமலே ஏற்றினால் நீராவி சிறைப்பட்டு எஞ்சின் கொதிக்கும். ஃபோர்டின் 351 கிளீவ்லாந்து எஞ்சினுக்கு, நீரின் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் தனி வடிவத்தில் தேவை. தோற்றத்தில் ஒத்த வேறொன்றைப் போட்டால் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியிலேயே சுற்றும். பான்டியாக் எஞ்சின்களில் பம்ப்பின் சுழலிக்கும் அதன் பின்னுள்ள பிரிப்புத் தகட்டுக்கும் இடைவெளி கூடிப்போனால் மெதுவான சுழற்சியில் நீரே நகராது. ஆகவே தகட்டைத் தட்டி நெருக்கி வைப்பது அவ்வெஞ்சின் தெரிந்தவர்களின் பழக்கம்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிய நம்பிக்கை தனியே குறிப்பிடத்தக்கது. அதை நீக்கிவிட, நீர் மிக வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் சூட்டை விடுவதற்கு நேரம் இருக்காது என்ற வாதம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. ஓட்டம் கூடினால் வெப்பப் பரிமாற்றமும் கூடும் என்பதே இயற்பியல். தெர்மோஸ்டாட்டை நீக்கிய சில எஞ்சின்கள் உண்மையிலேயே அதிகம் சூடானதற்கு, அது தந்த தடையால் எஞ்சினுக்குள் நிலவிய அழுத்தம் போய்விட, ஹெட்டின் சூடான இடங்களில் நீர் ஆங்காங்கே கொதித்ததே காரணமாக இருந்திருக்கக்கூடும். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு 71 டிகிரியில் திறப்பதைப் போடுவதும் இவ்வகை வீண்வேலையே. இரண்டும் முழுவதும் திறந்துவிட்ட பிறகு வேறுபாடு எதுவுமில்லை.

ரேடியேட்டரின் உலோகமும் இக்காலத்தில் மாறியது. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களில் அரை அங்குல அளவுள்ள தட்டைக் குழாய்கள் மூன்று அல்லது நான்கு வரிசையாக ஈயப்பற்றால் இணைக்கப்பட்டன. அலுமினிய ரேடியேட்டரில் ஓர் அங்குலக் குழாய்கள் இரண்டே வரிசையில் அதே பரப்பைக் கொடுத்தன. செம்பு வெப்பத்தை அலுமினியத்தைவிட நன்கு கடத்துவது உண்மையாயினும், நான்கு வரிசைத் தடிமன் காற்றை எதிர்த்து நிற்பதால், மெலிந்த விசிறி இழுக்கும் ஐடிலிங்கில் அந்த அனுகூலம் வீணாகிறது. அதே வேளையில், எஞ்சினைக் குறுக்காக வைத்த முன்சக்கர இயக்கக் கார்கள் பெருகியதால் கிராங்க் தண்டோடு தொடர்பற்ற மின்விசிறி மலிவாகக் கிடைத்தது. எஞ்சினின் வேகம் எதுவாயினும் தன் முழு வேகத்தில் சுழலும் அதைப் பழைய கார்களில் பொருத்துவது 1990களிலிருந்து பரவலானது. அது காரின் மூலக் கோளாற்றுக்கு நேரான விடைதான். ஆனால் அக்காலத்து ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கில் தரும் மின்சாரம் பெரிய விசிறிக்குப் போதாததால், அதையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

1995 முதல் ஆகஸ்ட் மாதத்தில் உட்வர்ட் அவென்யூவில் நடந்துவரும் டிரீம் குரூஸ் அணிவகுப்பில், முன்பு விளக்குக்கு விளக்கு பாய்ந்த கார்கள் கோடை வெயிலில் மணிக்கணக்காக ஊர்ந்து செல்கின்றன. அவற்றில் பாதையோரம் பானெட்டைத் திறந்தபடி நிற்கும் கார்களும் உண்டு. அசல் தோற்றத்துக்கே மதிப்பெண் கிடைக்கும் போட்டிகளுக்குக் காரைக் கொண்டுசெல்பவர்கள் அலுமினியத்தையும் மின்விசிறியையும் ஏற்பதில்லை. ஆலை முத்திரையுள்ள பித்தளைத் தொட்டிகளைக் கழற்றி, நடுவிலுள்ள குழாய்த் தொகுதியை மட்டும் புதிதாக வைத்துப் பற்றவைத்துத் தரும்படி கேட்கிறார்கள். ஈயப்பற்று வேலை தெரிந்த பட்டறைகள் அமெரிக்காவில் அருகிவந்தாலும் இத்தகைய வாடிக்கையாளர்களால்தான் சில இன்னும் நடக்கின்றன. அவற்றில் தொழில் தெரிந்தவர் ரேடியேட்டரைக் கையில் வாங்கும் முன், வண்டி ஓடும்போது சூடாகிறதா, நிற்கும்போது மட்டுமா என்று கேட்பார். நிற்கும்போது மட்டும்தான் என்று பதில் வந்தால், ஷ்ரௌட் இருக்கிறதா, வேக்குவம் குழாய் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்புவார்.